இறக்கும் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

16 கோடி ரூபாய் ஊசிக்காகப் பொதுமக்களிடம் உதவி கேட்கும் பெற்றோரின் படங்கள் சில ஆண்டுகளாக நம் நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கின்றன. எஸ்.எம்.ஏ. என்கிற முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய். படத்தைப் பார்த்ததும் மனசு கேட்காமல் பலரும் பணம் அனுப்புகிறார்கள், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அதே நோயால், நோயின் பெயரே யாருக்கும் தெரியாமல், இறப்புச் சான்றில் நிமோனியா என்று எழுதப்பட்டுப் போய்ச்சேரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த வருடமோ அதற்கும் அடுத்த வருடமோ அதே அம்மா மறுபடி கர்ப்பமாகிச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது அவளுக்கு நாம் என்ன சொல்கிறோம்? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். பரம்பரை நோய் இருக்கலாம் என்று சந்தேகம் வரும் குழந்தை பிழைக்காது என்று தெரிந்துவிட்டால், அது கண் மூடுவதற்கு முன் இரண்டு மூன்று மில்லி ரத்தம் எடுத்து ரத்தம் உறையாமல் வைக்கும், ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில் பத்திரப்படுத்த வேண்டும். அதற்கு வசதி இல்லாத இடத்தில் ஒரு வடிகட்டித்தாள் அட்டையில் நாலு சொட்டு காயவைத்து உறைக்குள் போட்டு வைத்தாலும் போதும். பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு. அந்தக் கொஞ்சம் ரத்தம் இருந்தால் அடுத்த கர்ப்பத்தில் கருவைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. இல்லாவிட்டால் பல நோய்களில் அந்த வழி ரொம்பவே குறுகிப்போகிறது.

ஏன் என்று கேட்பீர்கள். கருவிலேயே நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை என்றதும் எல்லா நோயையும் ஒரே ஊசியில் சொல்லிவிடும் சோதனை ஒன்று இருப்பதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. நம் மரபணுத் தொகுப்பு சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் எந்த மரபணுவில், எந்த இடத்தில் பிழை என்று முன்பே தெரிந்திருந்தால், கருவிலும் அந்த இடத்தில் அதே பிழை இருக்கிறதா என்று பார்த்து உறுதியாகச் சொல்ல முடியும். எந்த இடம் என்றே தெரியாதபோது ஆய்வகம் எதைத் தேடும்? அரிய நோய்கள் மட்டும் ஏறத்தாழ 7,000 என்கிறார்கள், அவற்றில் பெரும்பாலானவை மரபணுக் கோளாறுகள். அந்த இடத்தைச் சந்தேகமில்லாமல் காட்டிக்கொடுப்பது பாதிக்கப்பட்ட முதல் குழந்தையின் ரத்தம்தான். ஆக, இரண்டாவது குழந்தைக்கான சோதனை முதல் குழந்தையின் படுக்கையருகே தொடங்குகிறது. இது மரபியல் மருத்துவர்களுக்கு அரிச்சுவடி. ஆனால் தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும், ஏன், பல பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் ஐ.சி.யூ. வரைக்கும்கூட இது இறங்கி வரவில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை ஸ்கேன். "எல்லா ஸ்கேனும் நார்மல்னு சொன்னாங்களே" என்பதுதான் இந்த வீடுகளில் எல்லாம் கேட்கும் முதல் வார்த்தை. ஸ்கேன் நார்மலாகத்தான் இருக்கும். ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேன் இதயம், மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம் எல்லாம் சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. எஸ்.எம்.ஏ., தலசீமியா என்கிற பரம்பரை ரத்தசோகை, உடம்பில் ஒரு நொதி இல்லாததால் வரும் வளர்சிதை நோய்கள் போன்றவற்றில் கருவின் வடிவத்தில் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரியாது. டபுள் மார்க்கர் என்கிற ரத்தச் சோதனையும் இதற்கானது இல்லை. தாயின் ரத்தத்தில் பார்க்கும் என்.ஐ.பி.டி. என்பதும் முக்கியமாக டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகளுக்கானது. இவை எல்லாம் நல்ல சோதனைகள்தான், ஆனால் ஒற்றை மரபணு நோய் இருக்கும் குடும்பத்துக்கு இவை தரும் நிம்மதியை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவளைக் கட்டிக்கொடுத்தது எங்கள் அத்தை மகனுக்கு, அதாவது அப்பாவின் கூடப்பிறந்த அக்கா மகன். முதல் குழந்தை பெண். பிறந்தபோது எடை, அழுகை எல்லாம் சரி. இரண்டாம் மாதம் வாக்கில் கால் அசைவது குறைந்தது. தூக்கினால் துணி மாதிரி தொங்குவாள், படுக்கவைத்தால் தவளை மாதிரி இரண்டு காலும் விரிந்தே கிடக்கும். ஆனால் முகம் அப்படி ஒரு தெளிவு. கண்ணாலேயே ஆளைப் பின்தொடர்வாள், பேச்சுக்கொடுத்தால் சிரிப்பாள். இந்த நோயின் கொடுமையே அதுதான், மூளையைத் தொடாது, குழந்தைக்கு எல்லாம் புரியும். மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு மட்டும் எழும்பும். ஒரு வயது ஆகவில்லை, சளி பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டரில் இருந்து போய்விட்டாள். "தசை பலவீனம், அடுத்த குழந்தை நல்லா பொறக்கும்மா, கவலைப்படாதே" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். ஆறுதல் சொன்ன மனசைக் குறை சொல்லவில்லை. அந்த வாயால் இன்னும் ஒரு வரி, "அடுத்து உண்டாவதற்கு முன்னால ஒரு தடவை மரபியல் டாக்டரைப் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி ஒரு தாள் கொடுத்தார்கள், அதிலும் அந்த வரி இல்லை. ரத்தமும் எடுத்து வைக்கவில்லை.

அடுத்த கர்ப்பத்தில் ஐந்தாம் மாதம் நெருங்கும்போது, ஸ்கேன் எடுத்த டாக்டர் ஒருவர் முந்தைய குழந்தையைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவராகவே ஒரு மரபியல் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த டாக்டரம்மா எந்தத் தாளையும் பார்க்கவில்லை, முதலில் குழந்தையின் வீடியோ போனில் இருக்கிறதா என்று கேட்டார். மச்சான் எடுத்துக் காட்டினார். சிரிக்கும் குழந்தை, விரிந்து கிடக்கும் கால்கள், நாக்கு மட்டும் மெல்லிசாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த நாக்குத் துடிப்பை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வட்டமும் சதுரமுமாகக் குடும்ப வரைபடம் போட்டார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் நடுவே இரட்டைக் கோடு. தாத்தா பாட்டியிலிருந்து ஒரு கோடு எங்கள் அப்பா வழியாகத் தங்கைக்கு, இன்னொரு கோடு அத்தை வழியாக மச்சானுக்கு. இரண்டும் சேரும் இடத்தில் அந்தக் குழந்தை.

அந்தத் தாளை எங்கள் அத்தையும் பார்த்தார். அதுவரை "அவ வயித்துலதான் ஏதோ கோளாறு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். இந்த வகை நோயில் அம்மாவிடமிருந்து ஒரு பிழை, அப்பாவிடமிருந்து ஒரு பிழை, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருப்பவர் கேரியர், அவருக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் இல்லை. எங்கள் வீட்டில் மச்சானுக்கு அது பெரும்பாலும் அத்தை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ராசி, தோஷம், குலதெய்வக் குற்றம் என்று ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவைத்த பாரத்தை அந்த ஒரு தாள் இறக்கியது. இந்த ஒரு காரணத்துக்காகவாவது மரபியல் ஆலோசனை ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும் என்பேன்.

எங்கள் நல்ல நேரம், நோய் எஸ்.எம்.ஏ. ஆக இருந்தது. அதில் 100-க்கு 95 நோயாளிகளுக்கு எஸ்.எம்.என்.1 என்ற மரபணுவில் ஒரே பகுதிதான் விட்டுப்போயிருக்கும், அதனால் குழந்தையின் ரத்தம் இல்லாமலே பெற்றோர் இருவரையும் சோதித்துக் கேரியர் என்று கண்டுபிடிக்க முடிந்தது. வேறு நோயாக இருந்திருந்தால் இருட்டில் துழாவ வேண்டியதுதான். பெற்றோரின் மரபணுத் தொகுப்பை விரிவாகப் படித்து ஊகிக்கும் வழி இப்போது இருக்கிறது, ஆனால் செலவும் கூடுதல், உறுதியும் குறைவு. கர்ப்பம் வளர்ந்துகொண்டே போகும்போது அதற்கெல்லாம் நேரம் எங்கே?

நேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு தாமதமாகப் போனதால் பனிக்குட நீர்தான் எடுக்க முடிந்தது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசி, இள மஞ்சள் நிறத்தில் ஒரு சிரிஞ்ச் அளவு நீர், அவ்வளவுதான், சில நிமிட வேலை. முடிவு வந்தபோது குழந்தை உள்ளே அசைவது தங்கைக்கு நன்றாகவே தெரிய ஆரம்பித்திருந்தது. இந்தக் கருவுக்கும் நோய் இருந்தது. ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது. என்ன செய்வது என்று அவர்கள் இருவரும்தான் முடிவெடுத்தார்கள். அந்த வாரங்களைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

அதற்கடுத்த முறை முன்கூட்டியே பேசிவைத்திருந்ததால் 12-வது வாரத்திலேயே சி.வி.எஸ். செய்தார்கள். நஞ்சாக வளரப்போகும் திசுவிலிருந்து துளியூண்டு எடுப்பது. 11-வது வாரத்திலிருந்து செய்யலாம், பனிக்குட நீருக்கு 15, 16 வாரமாவது ஆக வேண்டும். அம்மாவின் ரத்தத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னார்கள், எடுத்த திசுவில் அம்மாவின் செல்கள் கலந்துவிடவில்லை என்று உறுதிசெய்துகொள்ள. கரு கலைந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, பழகிய கைகளில் அந்த ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் கீழேதான். அம்மாவின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அன்றே ஒரு ஊசி போட வேண்டும், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு: பெற்றோரைப் போலவே கேரியர், நோய் இல்லை. பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நானும் சோதித்துக்கொண்டேன். நான் கேரியர், என் மனைவி இல்லை, அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் கிட்டத்தட்ட இல்லை. கேரியராக இருப்பவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதையும் யாரும் சொல்வதில்லை.

சொந்தத்தில் கட்டினால்தானே இதெல்லாம், நாங்கள் அந்நியத்தில்தான் கட்டினோம் என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் சொந்தத்தில் திருமணம் 28 சதவீதம் என்று ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, நாட்டிலேயே அதிகமாக உள்ள மாநிலங்களில் நாமும் ஒன்று, அது உண்மை. ஆனால் ஒரே சாதிக்குள், ஒரே பிரிவுக்குள் பல நூறு ஆண்டுகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருந்தால், பத்திரிகையில் அந்நியம் என்று அடித்தாலும் ரத்தத்தில் அது தூரத்துச் சொந்தம்தான். ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்கிற மத்திய அரசு உயிரியல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களைப் பார்த்தது. அதில் 81 குழுக்களில், சில முன்னோரிடமிருந்தே பெருகி வந்த தன்மை, மரபணு நோய்களுக்குப் பெயர்போன பின்லாந்துக்காரர்களையும், அஷ்கெனாசி என்கிற ஐரோப்பிய வழி யூதர்களையும்விட வலுவாக இருந்தது. அந்த யூதச் சமூகம், குழந்தையின் நரம்புகளைச் சிதைக்கும் டே-சாக்ஸ் என்ற நோய்க்காகக் கல்யாணத்துக்கு முன்பே கேரியர் சோதனை செய்து, அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளைப் பெருமளவு குறைத்துவிட்டது. சைப்ரஸ் தலசீமியாவில் அதையே செய்தது, அங்கே சர்ச்சில் கல்யாணத்துக்கே சோதனைச் சான்றிதழ் கேட்டார்கள். நாம் இன்னும் ஜாதகம் மட்டும் பார்க்கிறோம்.

அப்புறம் சட்டம். கருவில் சோதனை என்றாலே குற்றம் என்ற பயம் மக்களிடமும் இருக்கிறது, சின்ன ஊர் டாக்டர்களிடமும் இருக்கிறது. பெண் சிசுக்களைக் கருவிலேயே அழித்த கொடுமைக்காக வந்த 1994-ம் ஆண்டுச் சட்டம் அது, தர்மபுரி, சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு அதன் தேவையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே சட்டம் மரபணு வளர்சிதை நோய், ஹீமோகுளோபின் கோளாறு, பாலினத்தோடு சேர்ந்து வரும் பரம்பரை நோய் ஆகியவற்றுக்காகக் கருவைச் சோதிப்பதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. குடும்பத்தில் மரபணு நோய் இருந்திருந்தால் அதுவே போதுமான காரணம். பதிவு பெற்ற இடமாக இருக்க வேண்டும், தாய் தனக்குப் புரியும் மொழியில் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான். கர்ப்பத்தைக் கலைப்பதற்கான சட்டமும் 2021-ல் திருத்தப்பட்டுவிட்டது. குழந்தைக்குக் கடுமையான குறைபாடு வரும் என்றால் இரண்டு டாக்டர்களின் ஒப்புதலோடு 24 வாரம் வரை, அதற்கு மேல் மருத்துவக் குழுவின் முடிவின்படி. "20 வாரம் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது" என்று இன்னமும் பழைய கணக்கைச் சொல்லித் திருப்பி அனுப்புவது அநியாயம்.

இதைப் படிக்கும் சிலருக்கு, குறிப்பாக மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பாசத்தோடு வளர்ப்பவர்களுக்கு, ஒரு நெருடல் வரும் என்று தெரியும். குறை இருந்தால் அழித்துவிடு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லும் உரிமை டாக்டருக்கும் கிடையாது, மாமியாருக்கும் கிடையாது. தெரிந்த பிறகும் பெற்றுக்கொள்கிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இந்தச் சோதனை பயன்படும். எஸ்.எம்.ஏ.-வில் அறிகுறி தெரிவதற்கு முன்பே மருந்து தொடங்கிய குழந்தைகள் உட்காருகிறார்கள், பலர் நடக்கவும் செய்கிறார்கள், தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. பயோட்டினிடேஸ் குறைபாடு என்று ஒன்று, பிறந்ததிலிருந்தே ஒரு வைட்டமின் மாத்திரை கொடுத்து வந்தால் பிள்ளை நன்றாக இருக்கும், கொடுக்காவிட்டால் வலிப்பு வந்து, காது கேட்காமல்கூடப் போய்விடும். சில வளர்சிதை நோய்களில் பிறந்த முதல் சில நாட்களிலேயே தாய்ப்பாலின் அளவைக் கட்டுப்படுத்திச் சிறப்புப் பால்மாவு கொடுக்க வேண்டும், முன்பே தெரிந்தால்தான் வரவழைத்து வைக்க முடியும்.

பணம் இல்லை என்று அரசு சொல்ல முடியாது. 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி கிடைக்கிறது, அதுவே பல நோய்களுக்கு ஒரு மூலைக்குக்கூடக் காணாது. கருவில் சோதிக்க ஆகும் செலவு எல்லாம் சேர்த்துச் சில பத்தாயிரங்கள். அரசுக்கு அது ஒன்றுமில்லை, கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கோ தாலியை அடகு வைக்க வேண்டிய தொகை. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரிய நோய்களுக்கான சிறப்பு மையங்களில் ஒன்று, வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் துறை இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்தோ கூடலூரிலிருந்தோ கர்ப்பிணிப் பெண் எத்தனை முறை பஸ் ஏறி வருவாள்? நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பது கண்டறியப்பட்டது 1952-ல். அதற்கென்று நாடு தழுவிய இயக்கம் வந்தது 2023-ல்தான். வந்த பிறகு ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து அட்டை கொடுக்கிறார்கள், செய்ய முடிகிறது என்று தெரிகிறதே.

ஆகவே சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள், பெரிய கட்டடமோ புது இயந்திரமோ கேட்கவில்லை. குழந்தைகள் ஐ.சி.யூ. உள்ள ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், அரசோ தனியாரோ, காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தையின் ரத்தத்தைப் பெற்றோர் சம்மதத்தோடு எடுத்து மண்டல மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு அரசாணை போடுங்கள். கடைசியாகக் கொடுக்கும் தாளில் "அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபியல் ஆலோசனை" என்று தமிழில் அச்சடியுங்கள். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் பயிற்சி பெற்ற ஒரு மரபியல் ஆலோசகரையாவது உட்கார வையுங்கள். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதுதான் முந்தைய பிரசவத்தைப் பற்றிக் கேட்கிறார், அதற்குள் பல வாரம் ஓடிவிடுகிறது. குழந்தை இறந்த வீட்டுக்கு, துக்கம் கொஞ்சம் ஆறியதும், அவரே ஒரு தடவை போய்ப் பேசட்டும். அந்த அம்மாக்கள் அவர் சொன்னால் கேட்பார்கள்.

அப்படி ஒரு இழப்பைச் சந்தித்த பெற்றோர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. ஆஸ்பத்திரித் தாள்கள் ஒன்றையும் தூக்கிப்போடாதீர்கள், குழந்தையின் வீடியோக்களை அழித்துவிடாதீர்கள், இரண்டு பக்கத்து உறவுமுறையையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். மறுபடி உண்டாவதற்கு முன்னால் போவதுதான் நல்லது. ஏற்கெனவே உண்டாகிவிட்டது என்றால் அந்த வாரமே கிளம்புங்கள், ஸ்கேன் வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.